ரெண்டு ஷீட்டு மிச்சம்

சென்னம்மா வீட்டில் எதுவும் பாதியாக இருக்கக் கூடாது. குடத்தில் தண்ணீர் கழுத்து வரைக்கும் நிற்க வேண்டும். சாமி விளக்கில் எண்ணெய் இறங்குவதற்குள் ஊற்றிவிட வேண்டும். தட்டில் போட்ட களியில் மிச்சம் வைத்தால் அன்றைக்கு முழுக்கப் பேச்சு கேட்க வேண்டும். நடவுக்குப் போனால், பொழுது சாய்ந்தாலும் கடைசி முனை வரை நட்டுவிட்டுத்தான் வரப்பேறுவாள். கூட வந்தவர்கள் அவளைத் திட்டிக்கொண்டே நடுவார்கள். பாதி வயதைக் கூலிக்காரியாகக் கழித்தவள். வேலையை அரைகுறையாக விட்டால் மறுநாள் கூப்பிட மாட்டார்கள் என்ற பயத்தில் வந்த பழக்கம் அது. பிறகு புருஷன் கங்கையா பெயருக்கு ஏரியோரம் பட்டா கிடைத்து, சொந்தமாக வேர்க்கடலை போட ஆரம்பித்தார்கள். பயம் போய்விட்டது. பழக்கம் போகவில்லை.

அப்படிப்பட்டவள், செத்துப்போன மகனுடைய பேட்டரியை மட்டும் பாதி சார்ஜில் வைக்க விடுவாளா?

மகன் பெயர் சிரஞ்சீவி. கரெண்ட் வேலை, கூரை ஷீட் போடும் வேலை இரண்டும் தெரிந்தவன். போன வருஷம் கத்திரி வெயிலில் செத்தான். வீட்டில் இப்போது சென்னம்மா, கங்கையா, அவன் பெண்டாட்டி சுமித்ரா. சாமி படங்களுக்குப் பக்கத்தில் பலகை அடித்து அவன் போட்டோவை வைத்திருந்தார்கள். போட்டோவுக்கு மேலே, ஆணியில், அவன் கையால் செய்த தெர்மாகோல் பிளேன் தொங்கியது. கீழே ரிமோட், பிளேனுக்குள் வைக்கிற பேட்டரி. அமாவாசைக்கு அமாவாசை சென்னம்மா படைப்பாள். சொம்பில் தண்ணீர் நிறைய, இலையில் சோறு நிறைய.

முதல் அமாவாசையிலேயே பேட்டரியைக் கையில் எடுத்துக் கேட்டாள். "இதுல எவ்ளோ கீது?"

சுமித்ரா சார்ஜரில் மாட்டிப் பார்த்தாள். "பாதி கீது அத்த. ஓட்டாம வெக்கும்போது பாதிலதான் வெக்கணும். அவுரு அப்டிதான் வெப்பாரு."

"அவன் எப்டியோ வெச்சான். இப்ப நாம அவனுக்கு வெக்கறோம். அர வவுத்துக்கு யாருனா படைப்பாங்களா? ரொப்பி வெய்யி."

"கெட்டுப்பூடும் அத்த."

"சோறுகூடத்தான் கெட்டுப்பூடுது. அதுக்குன்னு அர எல போடறமா?"

சுமித்ரா ரொப்பினாள். அந்த நாட்களில் அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. நட என்றால் நடந்தாள், சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். ஒவ்வொரு அமாவாசையும் பேட்டரியைச் சார்ஜரில் மாட்டினாள். பச்சை விளக்கு எரிந்ததும் கழற்றிப் பலகையில் வைத்தாள். அந்த வீட்டில் யாரும் சத்தம் போட்டு அழுது நான் கேட்டதில்லை. துக்கம் விசாரிக்கப் போனவர்கள்தான் அழுதுவிட்டு வந்தோம். அவர்கள் மூன்று பேரும் எங்களுக்கு மோர் கொடுத்தார்கள்.

எங்கள் ஊர் புளியங்கண்டிகை, ஆந்திரப் பக்கம் வரதய்யபாளையத்திலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். வீட்டுக்குள் தமிழ், ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் தெலுங்கு. மானாவாரிக் காடாகக் கிடந்த மேட்டில் கம்பெனிகள் வந்து, தகரக் கூரைக் கோடவுன்களாக எழும்பின. களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்சுக்கு நின்றார்கள். சிரஞ்சீவி திருப்பதியில் ஐ.டி.ஐ. படித்தான். படிக்கும்போது சந்திரகிரி கோட்டைப் பக்கம் இருந்த மைதானத்தில் இன்ஜினியரிங் பையன்கள் ரிமோட் பிளேன் விடுவதைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் நின்று, ஒயர் பற்ற வைத்துக் கொடுத்து, கடைசியில் அவர்களிடமிருந்தே ஒரு பழைய மோட்டாரை வாங்கிக்கொண்டான். ஊருக்கு வந்ததும் கம்பெனிக்குப் பார்சலில் வரும் தெர்மாகோல் அட்டையைச் சேர்த்து, மூங்கில் குச்சி கொடுத்து, டேப் சுற்றி ஒரு பிளேன் செய்தான். சுமித்ரா இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம் அதன் றெக்கை.

கல்யாணமாகி வந்த சுமித்ரா நகரிக்காரி. பிறந்த வீட்டில் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு அண்ணன் சுரேஷ்பாபு பெங்களூருக்குப் போய்விட்டான். இவளுக்கு எங்கள் ஊரின் சத்தமில்லாத காலை முதலில் பிடிக்கவில்லை. பிறகு விடியற்காலையில் வற்றிய ஏரிக்குப் புருஷனோடு போகப் பிடித்துப்போயிற்று. இவள் பிளேனைத் தூக்கி எறிவாள், அவன் ஓட்டுவான். சில நாள் ரிமோட்டை இவள் கையில் கொடுத்துவிடுவான்.

அவன் சொன்ன விதிகள் அவளுக்கு மனப்பாடம். வெயில் காலத்தில் விடிந்ததும் விட்டுவிட வேண்டும். வெயில் ஏறினால் பசை இளகும், மோட்டார் கொதிக்கும். பேட்டரியை ஈரத்துணி சுற்றி நிழலில் வைக்க வேண்டும். "மத்தியானம் ஏரி மண்ணு காஞ்சி காத்த மேல தள்ளும். பருந்து றெக்கய ஆட்டாம மேல போவுதே, அந்த காத்து. பிளேன் அதுல மாட்டிகினா எறங்கவே எறங்காது." எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: முதலில் ரிமோட்டை ஆன் செய்துவிட்டுத்தான் பேட்டரியை மாட்ட வேண்டும். பிளேன் இறங்கிப் பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் ரிமோட்டை அணைக்க வேண்டும். "பிளேன் மேல கீற வரைக்கும் ரிமோட்ட அணைக்கவே கூடாது சுமி. உயிரே போனாலும்."

சென்னம்மா ஒரு நாளும் பார்க்கப் போனதில்லை. "வாம்மா, ஒருவாட்டி வந்து பாரு," என்று மகன் கூப்பிடும்போதெல்லாம் கையில் ஒரு வேலை இருந்தது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அவள் எப்படிப் போவாள்?

அவன் செத்த அன்று மத்தியானம் மாமியாரும் மருமகளும் வேப்பமரத்தடியில் விதைக்கு வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். சென்னம்மாவின் செல் அடித்தது. கையெல்லாம் புழுதி என்பதால் சுமித்ராதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, கூர மேல கீறேன். தல சுத்துதும்மா."

"சோறு துன்னியா?"

"இன்னும் இல்ல. ரெண்டு ஷீட்டு மிச்சம் கீது. எறங்கிட்டு சாய்ங்காலம் போடட்டுமா?"

"ரெண்டு ஷீட்டுதான? முடிச்சிட்டே எறங்கு நைனா. அரகொறயா உட்டுட்டு வந்தா மேஸ்திரி இன்னா சொல்வான்?"

மகனையும் நைனா என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவன் சரிம்மா என்றான். இரண்டு ஷீட்டையும் போட்டான். ஸ்க்ரூ முடுக்கினான். இறங்கி வந்து ஏணியின் நிழலில் உட்கார்ந்தான். தண்ணீர் கொண்டு வந்தவர்கள் கூப்பிட்டபோது அவன் எழுந்திருக்கவில்லை.

அந்த போன் பேச்சைக் கேட்டவர்கள் இரண்டே பேர். கங்கையாவுக்குக்கூடத் தெரியாது. சென்னம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சுமித்ராவும் திறக்கவில்லை. ஒரே பாயில் படுத்து, ஒரே அடுப்பில் சமைத்து, ஒரு வருஷம் அதைப் பேசாமலே கழித்தார்கள்.

இந்த வருஷக் கத்திரியும் வந்தது. சிமெண்ட் ஷீட் வீடு அடுப்பாகக் காய்ந்தது. தெவசத்துக்குச் சில நாள் முன்பு, பலகையைத் துடைக்கும்போது சுமித்ரா பேட்டரியைக் கையில் எடுத்தாள். தட்டையாக இருந்தது நடுவில் புடைத்து, மேலுறை இழுத்துக்கொண்டு பளபளத்தது. உள்ளே காற்று கட்டியிருந்தது. ரொப்பி ரொப்பி வெக்கையில் வைத்ததற்கு அது வேறு என்ன செய்யும்? அழுத்தினால் தீப்பிடிக்கும் என்று அவன் சொல்லியிருக்கிறான். அவள் அதைக் கீழே வைப்பதற்குள் சென்னம்மா பின்னால் வந்து நின்றுவிட்டாள்.

"நானும் பாத்தேன்," என்றாள் சென்னம்மா. அவள் முகத்தில் வெகுநாளாக இல்லாத ஒரு தெளிவு. "வவுறு ரொம்பிகீது பாரு. வெக்கறத துன்றான் அவன். நாம வெக்கறது போய் சேருது."

சுமித்ரா பேட்டரியை அழுத்தாமல் பலகையில் வைத்தாள்.

"தெவசத்தன்னிக்கி அந்த பிளேன ஒருவாட்டி மேல உட்டுக் காட்டு சுமி. அவன் எத்தினியோவாட்டி கூப்ட்டான், நான் போவல. மறுநாளு உங்கண்ணன் உன்ன இட்டுக்கினு பூடுவான். அப்பறம் யாரு எனக்குக் காட்டுவாங்க?"

சுமித்ராவை அழைத்துப் போக அண்ணன் வருவதாக முடிவாகியிருந்தது. பெங்களூரில் ஒரு செல்போன் கம்பெனியில் அவளுக்கு வேலை. போகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சுமித்ரா சொல்லவில்லை. போகட்டும் என்று சென்னம்மாதான் சொன்னாள்.

"சரி அத்த. காத்தால வெயில் ஏறதுக்குள்ள போலாம்."

"படைக்கறதுக்கு முன்னவா? அவன் துன்னாம நாம போய் வெளாட்றதா? காக்கா எடுத்தப்பறம்தான்."

"அப்ப உச்சி வெயில் ஆயிடுமே அத்த."

"ஆவட்டும்."

அன்று சாயங்காலம் சுமித்ரா ஒரு பழைய பானையில் மணலைக் கொட்டி, பேட்டரியை அதில் வைத்தாள். மாந்தோப்புக் கூலிக்குப் போய்விட்டு வந்த கங்கையா, மாம்பால் பட்டுக் கறுத்த கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே பார்த்தார்.

"இன்னாம்மா, அத பானைல போட்டுட்ட?"

"உப்பிகிச்சி மாமா. தீ புடிச்சாலும் மண்ணோட பூடும்."

"தீயா? ஏம்மா உப்பிச்சி?"

"முழுசா ரொப்பி வெச்சா உப்பும். வெயில் வேற."

கங்கையா கையைக் கழுவிவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினார். "உங்கத்தகிட்ட சொல்லிடேன். அவ இன்னா கட்ச்சா துன்னுடுவா?"

"அவங்க, அவுரு வவுறு ரொம்பிகீதுன்றாங்க மாமா. நீங்க ரொப்பனதாலதான் கெட்டுப்பூட்ச்சின்னு எப்டி சொல்றது?"

"இதுல இன்னா கீது? தெரியாம பண்ணிட்டா. அவ்ளோதான?"

"என்னால சொல்ல முடியாது மாமா."

கங்கையா அவளையே பார்த்தார். அவருக்கு விளங்கவில்லை. விளங்காததைத் தோண்டிக் கேட்கிற வழக்கமும் அவருக்கு இல்லை. "உங்கண்ணங்கிட்ட புதுசு ஒண்ணு வாங்கியாரச் சொல்லேன்," என்றார்.

சுமித்ரா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். தெவசத்துக்குக் காலையிலேயே வந்து இறங்கிய சுரேஷ்பாபு, பையிலிருந்து பெருமையாக எடுத்துக் கொடுத்தான். அது பொம்மைக் காருக்குப் போடுகிற பேட்டரி. சொருகும் முனையும் வேறு, பலமும் போதாது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தங்கை மூன்று முறை போனில் சொன்னாள்தான். ஆனால் பெங்களூரில் அவன் இரண்டு ஷிப்ட் பார்க்கிறான்.

சென்னம்மா விடியும் முன்பே அடுப்பு மூட்டியிருந்தாள். நாட்டுக்கோழிக் குழம்பு, வஞ்சிரக் கருவாடு, கேழ்வரகுக் களி, வெள்ளைச் சோறு, அவனுக்குப் பிடித்த கலர் சோடா ஒன்று. இலையில் இடமில்லாமல் அடுக்கினாள். கங்கையா கற்பூரம் ஏற்றினார். எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். அண்ணனும் கும்பிட்டான். யாரும் அழவில்லை. கூரையோரத்தில் வைத்த கவளத்தைக் காக்கை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. அந்த வெயிலில் காக்கையும் எங்கோ மரத்துக்குள் ஒடுங்கிக் கிடந்திருக்கும். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கங்கையாவுக்குத் தொண்டை வறண்டது. கடைசியில் ஒன்று வந்து கொத்தியதும் சென்னம்மா அவசர அவசரமாக எல்லோருக்கும் பரிமாறினாள். தான் நாலு வாய் வேகமாகச் சாப்பிட்டுவிட்டு, இலையை வழித்து முடித்து எழுந்தாள்.

"போலாம் வா."

சுரேஷ்பாபு வெயிலைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே படுத்துக்கொண்டான். மூன்று பேரும் நடந்தார்கள். கங்கையா தலையில் துண்டு, கையில் மணல் பானை. சென்னம்மா பிளேனைப் பிள்ளையைத் தூக்குவது போல மார்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டாள். சுமித்ராவிடம் ரிமோட். ஏரி கரை முதல் கரை வரை வெடித்துக் கிடந்தது. செருப்பைத் தாண்டிச் சூடு ஏறியது. நேர் எதிரே மேட்டில் சிரஞ்சீவி கடைசியாக ஷீட் போட்ட கோடவுன் கூரை வெயிலில் மின்னியது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

சுமித்ரா மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தாள். ஒரே சுற்று. மேலே போனதும் திருப்பி, மோட்டாரை நிறுத்தி, இறக்கிவிட வேண்டும். பேட்டரி தாங்கினால் அதுவே அதிகம். சென்னம்மா பார்த்துவிடுவாள், மறுநாள் அண்ணனோடு கிளம்பிவிடலாம், எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

ரிமோட்டை ஆன் செய்தாள். சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. பானையிலிருந்து பேட்டரியை எடுத்தாள். உப்பியிருந்ததால் பிளேனின் குழியில் அது உட்காரவில்லை. அழுத்தாமல் வைத்து, மேலே டேப் ஒட்டினாள். பசை இளகி றெக்கை கொஞ்சம் ஆடியது. அதற்கும் டேப் சுற்றினாள்.

"யாரு எறியறது?" என்றார் கங்கையா.

"நான் எறியறேன்," என்றாள் சென்னம்மா. "எப்டின்னு சொல்லு."

"மேல தூக்கி எறியக் கூடாது அத்த. மூஞ்சிக்கு நேரா, அப்டியே தள்ளி உடணும்."

மோட்டார் விர்ரென்றது. சென்னம்மா இரண்டு எட்டு ஓடி, நாற்றுக்கட்டை வீசிப் பழகிய கையால் நேராகத் தள்ளி விட்டாள். பிளேன் தரையோடு தாழ்ந்து, திணறி, மேலேறியது. ஏறிக்கொண்டே போனது.

சென்னம்மா நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தாள். "இதுக்குதான் வா வான்னு கூப்ட்டானா?"

"ஆமா அத்த."

"நல்லாத்தான் கீது," என்றாள். "வந்து பாத்திருக்கலாம்."

சுமித்ரா பிளேனைத் திருப்பினாள். திரும்பி வரும்போது சத்தம் இழுத்து இழுத்து அடங்கியது. மோட்டார் நின்றுவிட்டது. இனி சறுக்கி இறங்க வேண்டியதுதான். ஆனால் அது இறங்கவில்லை. ஏரி நடுவில் வந்ததும் ஒரு றெக்கை தூக்கிக்கொண்டது. பிளேன் வட்டம் போட ஆரம்பித்தது. ஒவ்வொரு வட்டத்துக்கும் கொஞ்சம் உயரம் ஏறியது. அதற்கும் மேலே இரண்டு பருந்துகள் அதேபோல் சுற்றிக்கொண்டிருந்தன.

"சத்தத்த காணோமே," என்றாள் சென்னம்மா.

"மோட்டாரு நின்னுட்ச்சி அத்த. பேட்டரி பூட்ச்சி."

"நின்னா உழுணுமே? மேல போவுது?"

"சூடு தூக்குது."

"போதும் சுமி. எறக்கிடு."

சுமித்ரா இரண்டு கட்டை விரலாலும் கீழே தள்ளிப் பார்த்தாள். பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். அது எதற்கும் அசையவில்லை. "நான் சொல்றத கேக்கல அத்த. பேட்டரி மொத்தமா பூட்ச்சி."

பிளேன் வட்டம் போட்டபடியே காற்றோடு மேட்டுப் பக்கம் நகர்ந்தது. கோடவுன் கூரைக்கு நேர் மேலே போய், அங்கேயே சுற்றி, இன்னும் ஏறியது. வெள்ளையாக ஒரு துண்டு.

"எறக்குன்றனே. வெயில்ல நிக்குது பாரு. அவ்ளோ மேல எப்டி வெயிலு அடிக்கும்?" சென்னம்மா சுமித்ராவின் கையைப் பிடித்து உலுக்கினாள். பிறகு விட்டுவிட்டு நடந்தாள். நடை ஓட்டமானது. வெடிப்பில் கால் சிக்கி ஒரு செருப்பு கழன்று கிடந்தது. அந்தச் சூட்டில் வெறும் காலோடு ஓடிப் போய் நின்று, கூரையைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினாள்.

"எறங்கு நைனா!"

கங்கையா திடுக்கிட்டுப் பானையைக் கீழே வைத்தார்.

"எறங்கிடு நைனா! ரெண்டு ஷீட்டுதான, கெடக்கட்டும் உடு! பாதிலயே உட்டுட்டு வா! நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்! மேஸ்திரிக்கு நான் சொல்லிக்கறேன்! எறங்கி வாடா நைனா, எறங்கி வாடா!"

ஏரி முழுக்க அவள் குரல்தான். ஒரு வருஷமாக வராத அழுகை அது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து, அண்ணாந்த கழுத்தை இறக்காமல் அழுதாள்.

"எந்த ஷீட்டு?" என்று கங்கையா கேட்டார். "இன்னா சொல்றா இவ?"

சுமித்ரா ஓடிப்போய்த் தன் முந்தானையை எடுத்து மாமியார் தலைமேல் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். சென்னம்மா அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"நீயும் கேட்டுகினுதான இருந்த. ஒரு வார்த்த சொல்லி இருக்கக் கூடாதா எறங்கச் சொல்லி?"

"சொல்லி இருக்கலாம் அத்த," என்றாள் சுமித்ரா. அவளுக்கும் அப்போதுதான் கண்ணில் நீர் வந்தது. "எனக்குந்தான் தோணல."

பிளேன் பருந்துகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியாக இருந்தது. பிறகு புள்ளியும் இல்லை. விழுந்ததை யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கங்கையா மனைவியின் கொப்புளம் போட்ட பாதத்தில் விளக்கெண்ணெய் தடவினார். அவர் மறுபடி எதுவும் கேட்கவில்லை. சுமித்ரா ரிமோட்டைப் போட்டோவுக்கு முன்னால் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அது எரியுதே," என்றாள் சென்னம்மா. "அணைக்கலியா?"

"பிளேன் எறங்கனாத்தான் அணைக்கணும் அத்த. அவுரு சொல்லிகீறாரு."

சென்னம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். "அப்ப இருக்கட்டும்," என்றாள்.

மறுநாள் காலை, சுமித்ரா பையோடு அண்ணன் பின்னால் கிளம்பி நின்றபோது அந்த விளக்கு மங்கியிருந்தது. "ரிமோட்டுக்குப் புது செல் வாங்கிப் போட்டுட்டுப் போவட்டுமா அத்த?" என்று கேட்டாள்.

"வாணாம்," என்றாள் சென்னம்மா. "எரியற வரைக்கும் எரியட்டும். நீ போ, பஸ்சு வந்துடும்."

சுமித்ரா தட்டில் பாதி இட்லியை வைத்துவிட்டு எழுந்திருந்தாள். சென்னம்மா ஒன்றும் சொல்லாமல் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.